பாஸ்டர் ஐயாவிடம் கேளுங்கள்: வாசற்படிக்குக் கீழே ஒரு தேசிக்காய்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பேய், செய்வினை, மந்திரம் பற்றியவை. மழைக்காலம் வந்தால் இப்படித்தான். மூட்டம் இறங்கி ஆறு மணிக்கே தேயிலைத் தோட்டத்து லயம் (வரிசை வீடுகள்) இருட்டிவிட்டால், அடுப்படியில் வேறு என்ன பேசுவது? கல்யாணம், காணிக்கை பற்றிய கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று எல்லாருமே கேட்டிருக்கிறார்கள். போடவில்லை.

கேள்வி: ஐயா, நாங்கள் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். ஏழெட்டு மாதமாக வீட்டுக்காரர் மெலிந்துகொண்டே போகிறார். ராத்திரி நாலு தடவை எழும்பி வெளியே போகிறார். தண்ணீர் தண்ணீர் என்று குடிக்கிறார். கால் விறைக்குது என்கிறார். வேலைக்குப் போனாலும் அரைப்பேர், அரைநாள் சம்பளம்தான். மாமியார் உடுக்கடித்துக் குறி சொல்லும் ஒரு கோடாங்கியைக் கூட்டிவந்தார். அவர் வாசற்படிக்குக் கீழே தோண்டி, சிவப்புத் துணியில் சுற்றிய தேசிக்காய் (எலுமிச்சை) ஒன்றை எடுத்தார். ஆணி குத்தி, தலைமுடி சுற்றியிருந்தது. பக்கத்துக் காம்பராவில், அதாவது பக்கத்து வீட்டில், இருக்கிற அக்காதான் வைத்தது என்கிறார். கழிக்க 35,000 ரூபா கேட்கிறார். நான் ஞானஸ்நானம் எடுத்து மூன்று வருடம். பயப்படக் கூடாது என்று தெரியும். ஆனாலும் அதைப் பார்த்ததிலிருந்து கை நடுங்குகிறது.

பதில்: தங்கச்சி, தேசிக்காய் இருக்கட்டும். நாளைக்கே வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் இரத்தத்தில் சீனி பாருங்கள். தாகம், ராத்திரி எழும்புவது, மெலிவு, கால் விறைப்பு எல்லாம் எனக்கும் இருந்தன. பதினாலு வருடமாக மாத்திரை போடுகிறேன். நான் டொக்டர் இல்லை, வேறு வருத்தமாகவும் இருக்கலாம். ஆனால் இரத்தம் பார்க்காமல் 35,000 ரூபாவுக்கு அடகுக்கடைக்குப் போகாதீர்கள்.

இனித் தேசிக்காய். இந்த விஷயம் எனக்கு மற்றப் பாஸ்டர்மாரைவிடக் கொஞ்சம் கூடவே தெரியும். என் அப்பா கோடாங்கி.

செவ்வாயும் வெள்ளியும் எங்கள் இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) ஆட்கள் வந்து குந்துவார்கள். அப்பா உடுக்கை எடுப்பதற்கு முன்னால் என்னை வெற்றிலை வாங்க அனுப்புவார். வெற்றிலை ஒரு சாக்கு. வந்தவர் எந்த லயம், யாரோடு சண்டை, எந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் பொம்பளைகள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு வர வேண்டும். வந்து வெற்றிலையைக் கொடுக்கும்போதே காதில் சொல்லிவிடுவேன். சொல்லக் கிடைக்காத நாளிலும் அப்பாவுக்குக் கஷ்டமில்லை. "உன் காம்பராவுக்கு இடது கைப்பக்கம், உன்னோடு பேச்சு நின்றுபோன ஒரு பொம்பளை" என்பார். ஒரு லயத்தில் பத்துப் பன்னிரண்டு குடும்பம். சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். பேச்சு நின்றுபோன ஒரு பொம்பளை இடது பக்கம் இல்லாவிட்டால் வலது பக்கம் இருப்பாள்.

எனக்குப் பதினொரு வயதில் ஒருநாள் ராத்திரி, அப்பாவுக்கு எடுபிடி வேலை செய்தவர் என்னிடம் ஒரு செப்புத் தகட்டைக் கொடுத்து, பணிய (கீழ்) லயத்தில் ஒரு வீட்டுக்குப் பின்னால் வாழை மரத்தடியில் புதைத்துவிட்டு வரச் சொன்னார். ஒரு சாண் ஆழம். மண் ஈரமாக இருந்தது, கையாலேயே தோண்டினேன். அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா உடுக்கடித்து ஆடிக்கொண்டே போய் அதே இடத்தைக் காட்டினார். கூட்டமே கத்தியது. வைத்தது யார் என்று கேட்டார்கள். அந்த லயத்தில் புருஷன் செத்துப்போய் இரண்டு பிள்ளைகளோடு இருந்த ஒரு அம்மா பக்கம் கை போனது. அன்றிலிருந்து அவரைப் பீலியில் குடம் வைக்க விடவில்லை. எல்லாரும் பிடித்து முடிந்த பிறகு, இருட்டில் வந்து தண்ணீர் பிடிப்பார். இரண்டு மாதத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார். அதே பிள்ளைகளோடு நான் கிட்டிப்புள் விளையாடியிருக்கிறேன்.

அப்பா முழுப் பொய்க்காரர் என்று சொல்ல மாட்டேன். உடுக்குச் சத்தம் ஏற ஏற அவர் உண்மையாகவே நடுங்குவார். முடிந்த பிறகு அரை மணி நேரம் பேச்சு வராது. அது என்னவென்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. ஆனால் தகடு எனக்குத் தெரியும்.

உங்கள் தேசிக்காயையும் யார் வைத்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? பக்கத்துக் காம்பரா அக்காவா, 35,000 கேட்கிறவரா? நான் பார்க்கவில்லை, அதனால் சத்தியம் செய்ய மாட்டேன். ஒருவேளை யாரோ கோபத்தில் வைத்ததாகவே இருக்கட்டும். "யாக்கோபுக்கு விரோதமான மந்திரவாதம் இல்லை" என்று எண்ணாகமம் 23இல் சொன்னவன் யார்? சபிப்பதற்கென்று கூலிக்குக் கூட்டிவரப்பட்ட பிலேயாம். கூலி வாங்க வந்தவன் வாயாலேயே அது வந்தது. தேசிக்காயைக் குப்பையோடு போட்டுக் கொளுத்துங்கள். உங்களுக்குக் கை நடுங்கினால் உங்கள் சபை ஆட்களில் ஒருவரைக் கூப்பிட்டு அவர் கையால் கொளுத்தச் சொல்லுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அப்புறம் அன்றைக்கே பக்கத்துக் காம்பராவுக்குப் போய் அந்த அக்காவோடு ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்துவிட்டு வாருங்கள். மாமியார் பார்க்கும்படி குடியுங்கள்.

கேள்வி: நான் ஹப்புத்தளை, வயது 24. காதலி விட்டுப் போய்விட்டாள். பேஸ்புக்கில் "மூன்றே நாளில் வசியம்" என்ற விளம்பரத்தைப் பார்த்து அவளுடைய படத்தை அனுப்பி 12,500 ரூபா போட்டேன். நடக்கவில்லை. இப்போது இன்னும் 20,000 போடாவிட்டால் மந்திரம் என் பக்கமே திரும்பும் என்று வொய்ஸ் அனுப்புகிறார்கள். கோயிலுக்கும் போகிறேன், சர்ச்சுக்கும் வந்திருக்கிறேன்.

பதில்: தம்பி, திரும்பி வரப்போவது மந்திரம் அல்ல, வொய்ஸ் மெசேஜ்தான். நம்பரை மறித்துவிடுங்கள். அதற்கு முன்னால் அந்த வொய்ஸை அழிக்காமல் வைத்துக்கொண்டு பொலிசில் ஒரு முறைப்பாடு போடுங்கள். மிரட்டிக் காசு கேட்பது குற்றம், அதற்கு மாந்திரீகச் சட்டம் ஒன்றும் தேவையில்லை. எபேசு பட்டணத்தில் மாயவித்தைக்காரர்கள் மனந்திரும்பித் தங்கள் புத்தகங்களைக் கொளுத்தியபோது, அங்கே கணக்குப் பார்த்த விலையையும் லூக்கா எழுதிவைத்திருக்கிறார்: ஐம்பதாயிரம் வெள்ளிக்காசு. அப்போதும் இது பெரிய வியாபாரம்.

இன்னொன்று. அந்தப் பிள்ளையின் படத்தை முன்பின் தெரியாத ஒருவனுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். அவளிடமோ அவள் வீட்டாரிடமோ அதைச் சொல்லிவிடுங்கள். ஏச்சு விழும். வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: தலவாக்கலையிலிருந்து ஒரு தாய். என் மகளுக்கு 16 வயது. திடீரென்று விழுந்து கை கால் இழுக்கும், வாயில் நுரை வரும். கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள், குறைந்திருந்தது. ஒரு ஜெபக் கூட்டத்துக்குக் கூட்டிப்போனோம். இது பிசாசு, மாத்திரை போடுவது அவிசுவாசம் என்று சொல்லி நிறுத்தச் சொன்னார்கள். மூன்று நாள் பட்டினி போட்டார்கள். பைபிளால் முதுகில் அடித்தார்கள். இப்போது முன்னையைவிட அதிகமாக வருகிறது. நான் விசுவாசமில்லாதவளா?

பதில்: அம்மா, இன்றைக்கே மாத்திரையைத் திரும்பத் தொடங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இடையில் விட்டதை டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவது ஆபத்து. விழும்போது ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் கரண்டியோ சாவியோ திணிக்காதீர்கள். ஐந்து நிமிஷத்தில் நிற்காவிட்டால் வாகனம் பிடியுங்கள்.

இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. பத்திரிகைக்கு ஏற்ற மாதிரி அடக்கி எழுதுகிறேன்.

மத்தேயு 4ஆம் அதிகாரம் 24ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். இயேசுவிடம் கொண்டுவந்தவர்களில் "பிசாசு பிடித்தவர்களையும், சந்திரரோகிகளையும், திமிர்வாதக்காரரையும்" என்று தனித்தனியாக எழுதியிருக்கிறது. வலிப்பைத்தான் அந்தக் காலத்தில் சந்திரரோகம் என்றார்கள். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் எழுதியவருக்கே பிசாசும் வலிப்பும் இரண்டு என்று தெரிந்திருக்கிறது. ஆனால் அதே மத்தேயு 17இல் சந்திரரோகியான ஒரு பையனிடமிருந்து பிசாசு புறப்பட்டது என்றும் இருக்கிறது. அதை நான் மறைக்க மாட்டேன், அந்தக் கூட்டத்தார் உங்களுக்குக் காட்டுவதும் அதைத்தான். சரி, அங்கே இயேசு என்ன செய்தார்? மாற்கு சொல்கிறார்: தகப்பனைப் பார்த்து, இது இவனுக்கு உண்டாகி எவ்வளவு காலமாயிற்று என்று கேட்டார். கிளினிக்கில் டொக்டர் கேட்கிற முதல் கேள்வி அது. பிறகு ஒரு வார்த்தை. பையனின் கையைப் பிடித்துத் தூக்கினார். அடிக்கவில்லை. உபவாசம் என்று அங்கே வருவது ஜெபிக்கப் போகிற சீஷர்களுக்கு, வருத்தக்காரப் பிள்ளைக்கு அல்ல. உபவாசம் இருப்பதென்றால் அந்தப் பாஸ்டர் மூன்று நாள் இருந்திருக்கலாம்.

1976இல் ஜெர்மனியில், வலிப்புக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்த 23 வயது மாணவி ஒருவருக்கு மாதக்கணக்கில் 67 தடவை பேயோட்டும் சடங்கு நடத்தினார்கள். அந்தப் பிள்ளை சாப்பாடில்லாமல் மெலிந்து செத்துப்போனது. பெற்றோரையும் இரண்டு குருமாரையும் 1978இல் நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. கத்தோலிக்க சபையில் ஆயரின் அனுமதி இல்லாமல் எந்தக் குருவும் அந்தச் சடங்கைச் செய்ய முடியாது. 1999இல் வந்த புதிய ஒழுங்கு, தேவையான இடத்தில் மருத்துவம் தெரிந்தவர்களையும் கேள் என்கிறது. நான் கத்தோலிக்கன் அல்ல. இந்த விஷயத்தில் அவர்கள் போட்ட கடிவாளம் நம் சின்னச் சபைகளுக்கும் இருந்தால் நல்லது.

என் தங்கச்சிக்கும் வலிப்பு இருந்தது. ஊருக்கெல்லாம் பேய் விரட்டிய அப்பா, சொந்த மகளுக்கு வேப்பிலை அடித்தார், திருநீறு போட்டார், கோழி அறுத்தார். கடைசியில் தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்த ஐயா எழுதிக்கொடுத்த துண்டோடு டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சின்ன வெள்ளை மாத்திரை, ராத்திரிக்கு ஒன்று. தங்கச்சிக்கு இப்போது நாலு பேரப்பிள்ளைகள். அப்பா அதற்குப் பிறகு வலிப்பு என்று வருகிறவர்களுக்கு உடுக்கடிக்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிடுவார். அந்த நேர்மை அவருக்கு இருந்தது.

மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு ஜெபம் பண்ணுங்கள் அம்மா. மகளுக்கு மனது உடைந்திருக்கும், அடித்தது அவளுக்கு மறக்காது. அதற்கும் ஆள் வேண்டும். 1926 என்ற எண்ணுக்கு அழைத்தால் தேசிய மனநல உதவிச் சேவையில் பேசலாம். "விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அந்தத் தகப்பன் கண்ணீரோடு கத்தினானே, அவனை இயேசு கோபிக்கவில்லை.

கேள்வி: ஹட்டனில் போடிங்கில் தங்கி உயர்தரம் படிக்கிறேன். ஐந்து பேர் சேர்ந்து பேப்பரில் எழுத்துகளை எழுதி, நடுவில் பத்து ரூபாக் குற்றியை வைத்து ஆவி கூப்பிட்டோம். குற்றி தானாக நகர்ந்தது. யாரும் தள்ளவில்லை என்று எல்லாரும் சத்தியம் செய்தோம். எங்களில் ஒருத்தி சாவாள் என்று அது எழுதியது. அதிலிருந்து விடியற்காலையில் விழிப்பு வருகிறது, உடம்பை அசைக்க முடியவில்லை, நெஞ்சில் யாரோ குந்தியிருப்பது போல இருக்கிறது.

பதில்: மகள், உங்கள் சத்தியத்தை நான் நம்புகிறேன். யாரும் தெரிந்து தள்ளவில்லை.

1853இல் இங்கிலாந்தில் இதே பைத்தியம் பிடித்திருந்தது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து கை வைத்தால் மேசை சுற்றும், ஆவி சுற்றுகிறது என்பார்கள். மைக்கேல் ஃபரடே என்ற விஞ்ஞானி (உங்கள் பௌதிகப் புத்தகத்தில் இருக்கிறார், ஒரு கொல்லனின் மகன், சின்னச் சபையொன்றின் மூப்பராகவும் இருந்தவர்) மேசைக்கும் கைக்கும் நடுவில் உருளைகள் வைத்த அட்டையைப் போட்டுப் பார்த்தார். மேசை கையை இழுக்கவில்லை, கைதான் தனக்கே தெரியாமல் மேசையைத் தள்ளியது. ஐந்து பயந்த விரல்கள் ஒரு குற்றியை நகர்த்த எவ்வளவு வேண்டும்? எழுத்துப் பலகை வைத்து ஆவி பேசும் சாமான் 1891இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிக் கடையில் விற்கப்பட்டது. விளையாடுகிறவர்களின் கண்ணைக் கட்டிவிட்டால் அது உளற ஆரம்பித்துவிடும். ஆவிக்குமா கண் கட்டியது?

விடியற்காலையில் வருவதை நம் ஆட்கள் அமுக்குப் பேய் என்பார்கள். கனவு காணும் நேரத்தில் உடம்பு அசையாதபடி மூளையே கட்டிவைக்கிறது. கட்டு அவிழ்வதற்கு முன் விழிப்பு வந்துவிட்டால் அப்படித்தான் இருக்கும். தூக்கம் கெட்டு, பயந்து, மல்லாக்கப் படுத்தால் அதிகமாக வரும். சரிந்து படுங்கள். சோதனை நெருங்குகிறதென்று இரண்டு மணி வரை முழித்திருக்காதீர்கள்.

அப்படியானால் வெறும் விரல்தானே, விளையாடினால் என்ன என்று கேட்பீர்கள். சவுல் ராஜாவை நினைத்துப் பாருங்கள். நாளைக்கு யுத்தம், பயம். வேஷம் மாற்றிக்கொண்டு ராத்திரியில் எந்தோருக்கு, அஞ்சனம் பார்க்கிற பொம்பளையிடம் போகிறான். கேட்கக் கூடாததைக் கேட்டு, தரையில் நெடுஞ்சாண்கிடையாய் விழுந்து கிடந்தான். அந்தப் பொம்பளைதான் பாவம் பார்த்து, கன்றுக்குட்டியை அடித்து, மாவு பிசைந்து சாப்பாடு கொடுத்தாள். உங்களுக்கும் ஒரு குற்றி வந்து சாவைச் சொல்லிவிட்டது, இப்போது ஐந்து பேருக்கும் தூக்கமில்லை. அந்தப் பயத்துக்குள் வேறு யார் நுழைவார் என்று சோதித்துப் பார்க்க எனக்கு ஆசை இல்லை, உங்களுக்கும் வேண்டாம். சாவாள் என்று யாரைச் சொன்னதோ அந்தப் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். ஐந்து பேரும் சேர்ந்து வார்டன் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பதுளையிலிருந்து. மழையோடு எங்கள் தோட்டத்துக்கு மேலே மலையில் வெடிப்பு விழுந்திருக்கிறது. ஒரு பிரசங்கியார் வந்து, முனிக்கும் மாடனுக்கும் பூசை போட்டதால்தான் மீரியபெத்தையில் மண் மூடியது, இங்கேயும் அது நடக்கும் என்றார். உண்மையா?

பதில்: இல்லை. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடமே இல்லை. அந்த மலை ஆபத்து என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். செத்தவர்கள் நம்மைவிடப் பாவிகளா? சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது இதே கேள்வி வந்தது. "அப்படியல்ல" என்று இயேசுவே சொல்லிவிட்டார், லூக்கா 13. எங்கள் தாத்தா காலத்தில் ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) ரோதைக்கு, அதாவது இயந்திரச் சக்கரத்துக்கு முன்னால் ரோதை முனி என்று தேங்காய் உடைப்பார்கள். கை போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்தைப் பரிகாசம் பண்ண எனக்கு மனமில்லை.

உங்கள் மலையில் வெடிப்பு அகலமாகிறதா, மரங்கள் சரிகின்றனவா, பீலித் தண்ணீர் திடீரென்று கலங்குகிறதா அல்லது நின்றுவிடுகிறதா என்று பாருங்கள். அப்படியானால் சாமான் சட்டியைப் பார்க்காமல் இறங்குங்கள். கிராம சேவகருக்குச் சொல்லுங்கள், 117க்கு அழையுங்கள். அந்தப் பிரசங்கியாரையும் கூடவே கூட்டிக்கொண்டு இறங்குங்கள்.

கேள்வி: ஒஃபிசில் கூட வேலை செய்யும் சிங்கள அக்கா பன்சலையிலிருந்து (பௌத்த விகாரை) பிரித் ஓதிய நூல் கொண்டுவந்து அன்பாகக் கட்டிவிட்டார். அறுத்துப் போடவா? (நுவரெலியா)

பதில்: அவர் முன்னால் அறுக்காதீர்கள். அடுத்த முறை, நான் ஜெபத்தை நம்புகிறவள் அக்கா, எனக்காக நீங்கள் கவலைப்பட்டதே போதும் என்று சொல்லுங்கள். நூலில் பிசாசு குந்தியிருக்கவில்லை.

கேள்வி: பாஸ்டர் ஐயா, உண்மையைச் சொல்லுங்கள். நீங்கள் பேயைக் கண்டதுண்டா? (நானுஓயா)

பதில்: நாற்பது வருடமாக ராத்திரியில் தோட்டத்து ரோட்டில் நடக்கிறேன். ஒருமுறை மயானத்துக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒன்று கை அசைத்தது. இயேசுவின் நாமத்தில் போ என்று மூன்று தரம் கத்தினேன். தேயிலைச் செடியில் மாட்டிய உர பேக். கதை சபையில் பரவி, ஒரு மாதம் பிள்ளைகள் என்னைப் பார்த்துக் கை அசைத்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஊழியத்துக்கு வந்து ஆறாவது வருடம், எங்கள் தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய ஒரு இடத்துக்கு ஜெபம் பண்ணக் கூப்பிட்டார்கள். கொழுந்து எடுக்கிற ஒரு அம்மா, ஐம்பது வயதிருக்கும். நாலு பேர் பிடித்தும் அடங்கவில்லை. நான் வாசலில் கால் வைத்ததும் அமைதியாகி, என்னைப் பார்த்துச் சிரித்து, வேறு ஒரு குரலில் கேட்டார்: "வாழை மரத்தடியில் என்னடா புதைச்ச?"

அதுவரை அந்தத் தகட்டைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட. அந்த எடுபிடிக்காரர் எங்காவது உளறி, கதை அங்கே வந்திருக்கலாம். அப்படித்தான் இருக்கும் என்று பகலில் நினைக்கிறேன். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. கையில் பைபிளோடு நிற்க வெட்கமாக இருந்தது. தரையில் குந்தி, கூடியிருந்த எல்லாருக்கும் முன்னால் தகட்டின் கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். அந்த விதவை அம்மாவைப் பற்றியும் சொன்னேன். அதற்குப் பிறகுதான் ஜெபம் பண்ணினேன், அதுவும் சின்ன ஜெபம்.

அந்த அம்மா அழுதார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஏன் இத்தனை பேர் வீட்டுக்குள்ளே நிற்கிறீர்கள் என்று கேட்டார். இரண்டு கோப்பை பிளேன்டி குடித்தார், சீனி போதாது என்றார், நாளைக்கு வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டு எத்தனை மணிக்கு என்று விசாரித்தார்.